வானத்தில் விழுந்த ஓட்டை

விண்மீன்களைப் பற்றிய எண்களை ஒலியாக மாற்றுவதுதான் அவன் வேலை. வெளிச்சம் கூடினால் சுரம் ஏறும், குறைந்தால் இறங்கும். பார்வையற்றவர்களும் வானத்தை அறியட்டும் என்று ஆய்வகம் நடத்திய கண்காட்சி அது. பிறவியிலேயே பார்வையில்லாத அவனுடைய அக்கா, திறப்பு விழாவுக்கு முதல் ஆளாக வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

எதிரே, அதே எண்களைக் கொண்டு செய்த பெரிய படம் தொங்கியது. ஒலி ஓட ஓட, படத்தின் மேல் ஒரு வெளிச்சக் கோடும் நகரும் என்று அவன் அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தான்.

நடுவில் ஓரிடத்தில் மெட்டு ஒன்று குழைந்து இறங்கியது. அக்காவின் முகம் மலர்ந்தது. திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். பிறகு பக்கத்தில் நின்ற பெண்மணியின் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இப்ப கோடு நிக்கிற இடத்துல படத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்லீங்களே. வெறும் கறுப்புப் பட்டை. தகவல் இல்லைன்னு எழுதிப் போட்டிருக்காங்க."

அக்கா, பின்னால் நின்றிருந்த தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், அந்த அம்மா சொல்றது நிஜமா?"

"ஆமாக்கா. அந்தப் பக்கத்தைத் தொலைநோக்கி படம் பிடிக்கல. சத்தமே இல்லாம விட்டா நல்லா இருக்காதேன்னு நானா ஒரு மெட்டு போட்டேன்."

"கண்ணு இருக்கிறவங்களுக்கு இல்லைன்னு சொல்லிட்டீங்க. எனக்கு மட்டும் எதையாவது குடுத்தா போதும்னு நெனச்சுட்டியா?"

அவளுக்குத் தெரியப்போவதில்லை என்றாலும் அவன் தலை தானாகக் குனிந்தது. அவள் சந்தோஷப்படட்டும் என்றுதான் செய்தான். ஆனால் உண்மையைத் தாங்கமாட்டாள் என்று அவளைச் சின்னப்பிள்ளையாக நினைத்ததும் அதே மனசுதான். அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அன்றே மெட்டை எடுத்துவிட்டான். அந்த இடத்தில், "இங்கே தகவல் இல்லை" என்று தன் குரலையே பதிவு செய்து சேர்த்தான். குரல் கரகரத்தது. மறுபடி பதிவு செய்ய மனம் வரவில்லை.

அடுத்த வாரம் அக்காவே கிளம்பி வந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

"அந்த மெட்டு நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றாள். "ஆனா வானத்துல இல்லையே."

வெளியே வரும்போது வழக்கம்போல அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு மனம் கூசியது. ஆனாலும் விலகாமல், மெதுவாக நடந்தான்.