விளக்கு வைத்த பிறகு உறை

சுதர்ஷினியின் அம்மாவோடு நான் ஒரு தடவைதான் சண்டை போட்டிருக்கிறேன். அதில் படுதோல்வி. அந்தத் தோல்வியால்தான் நாங்கள் ஜெயித்தோம் என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த அம்மா, பேச்சியம்மா, மட்டும் சிரிக்கமாட்டார். அவரைப் பொறுத்தவரை இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

சுதர்ஷினி புரதங்களின் உருவத்தை ஆராயும் இரசாயனவியலாளர். நான் பஸ்மிலா, தலவாக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு உதவியாளர். ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருக்கும் பைஸரின் மகள் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உயர்தர வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். அவள் திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, லயத்திலிருந்து, வெளிநாட்டுக்குப் படிக்கப் போனாள். அமினோ அமிலங்களைக் கோத்துக் குட்டிச் சங்கிலிகள் செய்வதில் டாக்டர் பட்டம் வாங்கினாள். அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தபோது முதல் ஆளாகத் திட்டியது நான்தான்.

அவள் வந்தது கொப்புள நோய்க்காக. மழை மாதங்களில் ஒரு பூஞ்சணம் தேயிலைக் கொழுந்தில் ஏறி, இலையைக் கொப்புளம் கொப்புளமாக ஆக்கிவிடும். அந்தப் பூஞ்சணம் முதலில் ஒரு புரதத்தை இலைக்குள் அனுப்புகிறது. இலையின் எதிர்ப்பை அடக்கிப் போடுவது அதுதான். புரதம் என்பது நீளமான ஒரு சங்கிலி. அது தன்னைத் தானே மடித்துக்கொண்டு ஓர் உருவம் எடுக்கும். உருவம் தெரிந்தால் அதன் வாயை அடைக்க வழி தெரியும். உருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் புரதத்தைக் கற்கண்டு மாதிரிப் பளிங்காக வளர்த்து, அதன்மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்ச வேண்டும். அந்தப் புரதமோ பளிங்காக மாட்டேன் என்று ஐந்து வருடம் அடம்பிடித்தது.

“இப்போதெல்லாம் கணினியே உருவத்தைச் சொல்லிவிடுகிறது. எதற்கு வீண் வேலை?” என்றார் கொழும்பிலிருந்த பேராசிரியர். ஆய்வுக்கு நிதி ஒதுக்குகிற குழுவின் தலைவர் அவர். கணினியிடமும் கேட்டுப் பார்த்தோம். தெரிந்த புரதங்களின் சொந்தபந்தங்களை வைத்துத்தான் அது ஊகிக்கும். இந்தப் புரதத்துக்குச் சொந்தம் என்று எதுவுமில்லை. நூடுல்ஸைக் கொட்டியது போல ஒரு படத்தை வரைந்துவிட்டு, எனக்கே இதில் நம்பிக்கையில்லை என்று கீழே எழுதியும் கொடுத்தது. அந்த நேர்மை பேராசிரியரிடம் இல்லை.

கடைசியாக ஒரு வாய்ப்பு வந்தது. வெளிநாட்டில் பெரிய எக்ஸ்ரே நிலையமொன்று எங்களுக்கு நேரம் ஒதுக்கியது. சனிக்கிழமை மாலை விமானத்தில் பளிங்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஆய்வை மூடிவிடுவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் பளிங்குக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் சேறு மாதிரிக் கலங்கல்தான். கரண்ட் போகும், வரும். குளிரூட்டி கடமுடா என்று ஆரம்பித்து மேசையையே உலுக்கும். சுதர்ஷினி வெறுத்துப்போய், புரதத் துளிகள் வைத்த தட்டு ஒன்றை குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனாள். லயத்தின் பின்னறை மலையை வெட்டிக் கட்டியது. பகலும் இரவும் ஒரே குளிர், ஒரு அசைவு கிடையாது. அந்தச் சுவர் மாடத்தில் வைத்தாள். பத்தாம் நாள் துளிக்குள் தூசி மாதிரிப் பளிங்குகள் தெரிந்தன. எக்ஸ்ரேக்கு அந்த அளவு காணாது. அவற்றை நசுக்கி, பூனை மீசை மயிர் ஒன்றால் தொட்டு, புதுத் துளிகளில் ஒரு கோடு இழுத்தாள். எங்கள் துறையில் இது எல்லோரும் செய்வதுதான். பழைய பளிங்கின் பொடியைப் பிடித்துக்கொண்டு புதிது வளரும்.

பூனையைத் துரத்திக்கொண்டு ஓடிய மகளைப் பார்த்துப் பேச்சியம்மா பயந்துபோய் என்ன ஏதென்று கேட்டிருக்கிறார். “தயிருக்கு ஒறை ஊத்துறோம்ல, அது மாதிரிதாம்மா. இந்தப் பெட்டியில இருக்குறது ஒறை” என்று சுதர்ஷினி சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கும் திருப்தி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை சுதர்ஷினி கொழும்பில் இருந்தாள். பளிங்கை உறைய வைக்கும் திரவ நைதரசனும் விமானத்துக்கான பத்திரங்களும் அங்கேதான். பெட்டியை எடுத்து, இரவு கொழும்புக்குப் புறப்படும் அலுவலக வேனில் கொண்டுவருவது என் பொறுப்பு. வழியில் மண்சரிவு. நான் லயத்துக்குப் போய்ச் சேரும்போது பேச்சியம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு நெற்றியில் திருநீறோடு நின்றார்.

“வா புள்ள, நனைஞ்சிட்டியே. தேத்தண்ணி குடி” என்றார்.

“நேரமில்லம்மா. பெட்டிய எடுத்துட்டு ஓடணும், வேன் நிக்குது.”

“பெட்டியா? இனி காலையிலதான்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். “வெள்ளிக்கெழம வெளக்கு வச்ச வீட்டுலருந்து ஒறைய வெளிய குடுக்கக்கூடாது. குடுத்தா வீட்டு விருத்தி அதோட போயிரும்.”

“அம்மா, நான் என்ன வெளியாளா?”

“நீ வெளியாள் இல்ல. பெட்டிதானே வெளிய போகுது.”

சுதர்ஷினிக்கு போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவள் குரல் அழுகிற மாதிரி இருந்தது. “அம்மா, அது தயிர் ஒறை இல்லம்மா.”

“நீதானேடி ஒறைன்னு சொன்ன.”

“ஒங்களுக்குப் புரியணும்னு சொன்னேன்.”

“எனக்குப் புரிஞ்சிருச்சு. அதனாலதான் குடுக்கமாட்டேங்கிறேன். அஞ்சு வருசமா ஒனக்கு விருத்தியில்லாம கெடக்கு. இப்பதான் நம்ம வீட்டுல கொஞ்சம் ஒறைஞ்சிருக்கு. அதையும் வெளக்கு வச்ச நேரத்துல தூக்கிக் குடுக்கச் சொல்றியா?”

நான்தான் கத்தினேன். மூடநம்பிக்கை, படித்த மகளின் வாழ்க்கை, அது இது என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் உறுத்தியது. எங்கள் உம்மாவும் அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்கு ஒரு சிட்டிகை உப்புக் கொடுக்கமாட்டார். பேச்சியம்மா பின்னறை வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். தள்ளிவிட்டு எடுக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. “பாக்குறதுக்குத் தடையில்ல, வேணும்னா பாத்துக்க” என்று வழிவிட்டார். என் பையிலிருந்த சின்ன நுணுக்குக்காட்டியால் பார்த்தேன். துளிகளில் அதே தூசி. கொஞ்சம் தடித்த தூசி, அவ்வளவுதான். இதைக் கொண்டுபோனாலும் பிரயோசனமில்லை என்று தெரிந்தது. அதை அவரிடம் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

வேன் போய்விட்டது. கோபத்தோடு ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டேன். கோபத்துக்கு நிறையவே சாப்பிட்டேன்.

விடிந்ததும் பேச்சியம்மா வாசல் தெளித்தார், கொழுந்துக் கூடையை எடுத்து வைத்தார். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்து என்னிடம் தந்தார். நான் மூடியைத் திறந்து நுணுக்குக்காட்டியைத் தேடினேன். அது தேவைப்படவில்லை. நடுத்துளியில் சீனிப் பருக்கை அளவில் ஒன்று, பட்டை தீட்டிய மாதிரி ஓரங்களோடு, வெறும் கண்ணுக்கே மின்னியது. நேற்று மாலை கரடுமுரடான பாதையில் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் இது வளர்ந்தேயிருக்காது.

“நல்லா ஒறைஞ்சிருக்கா?” என்றார்.

“நல்லா ஒறைஞ்சிருக்கும்மா” என்றேன்.

வாப்பாவின் இரும்புக்கடை லொறி சனிக்கிழமைகளில் கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் போகும். ஐஸ் வைத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். குளிர் கலைந்தால் பளிங்கு கரையும், குலுங்கினால் உடையும். சாரதி அழகுமுத்து வெறும் லொறியைக் கல்யாண ஊர்வலம் போல ஓட்டினார். கினிகத்தேனையில் தேநீருக்கு நிறுத்தவா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

கொழும்பில் சுதர்ஷினி பெட்டியை வாங்கி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது கண் நிறைந்திருந்தது. வாயோ, “எங்கம்மாகிட்ட எதுக்குடி அப்பிடிச் சத்தம் போட்ட?” என்றது. பிறகு மெல்லிய கண்ணியால் பளிங்கை அள்ளித் திரவ நைதரசனில் அமிழ்த்தினாள். குடுவை மாலை விமானத்தில் ஏறியது.

அடுத்த மாதம் திரையில் உருவம் வந்தது. மூடிய கைமுஷ்டி மாதிரி ஒரு புரதம், நடுவில் ஆழமாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு அளவெடுத்து, சுதர்ஷினி தனக்குக் கைவந்த குட்டிச் சங்கிலி ஒன்றைக் கோத்தாள். மழைக்காலத்தில் தொட்டிச் செடிகளில் தெளித்தோம். தெளிக்காத செடிகளில் இலையெல்லாம் கொப்புளம். தெளித்தவற்றில் ஒன்றுகூட இல்லை. பேச்சியம்மா தொட்டி தொட்டியாகப் போய்க் கொழுந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத மலை முழுக்க அடிக்கலாமா?” என்றார். அதற்கு இன்னும் நிறையச் சோதனை இருக்கிறது. ஆனாலும் சுதர்ஷினி, “அடிக்கலாம்மா” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மாலை பேராசிரியர் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தார். குரலில் தேன். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் நம் புரதத்தைத் தாங்களும் வளர்க்க வேண்டுமாம், உறை ஊற்றப் பளிங்கின் பொடி கேட்கிறார்களாம்.

“வேன் இப்போது தலவாக்கலையில்தான் நிற்கிறது சுதர்ஷினி. உடனே கொடுத்துவிட முடியுமா?”

சுதர்ஷினி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்மலை லயங்களில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

“காலையில தாறேன் சார். இப்ப வெளக்கு வச்சாச்சு.”

அவளுடைய ஆய்வையே மூடப் பார்த்த மனிதர் அவர்.

“சரி” என்றார். “வேனைக் காலைவரை நிற்கச் சொல்கிறேன்.”