ஒரு விரல் விட்டுக் கட்டியது

வெல்டிங் பட்டறைக்காரர் சூசைமாணிக்கம் எங்கள் அம்பாசிடரின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பம்பரை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் நல்லமுத்து நாலாவது தடவையாக அதையே சொன்னார்.

"சைக்கிள் கேரியரை மேலயே போட்டுக்கலாம் மருதாயி. மேல போட்டா கிண்ணுன்னு நிக்கும். பின்னாடி தொங்க உட்டா நம்ம கண்ணுக்கே தெரியாது."

"மேல ஏத்தறது நீங்களா, நானா?" என்றேன்.

மனுஷர் வலது தோளைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். போன மழைக்காலத்தில் வண்டியைத் தள்ளும்போது சுளுக்கிக்கொண்ட வலது தோள் அவருக்கு இன்னும் தலைக்கு மேல் எழும்பாது. ஸ்டியரிங் பிடிப்பார், கியர் போடுவார், சட்டை மாட்ட மட்டும் என்னைக் கூப்பிடுவார். வெல்டிங் பட்டறையில் நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிக் காட்ட வேண்டுமா? ஆனால் என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

எண்பத்தேழாம் வருஷம், டிசம்பர் முதல் வாரம். ஏற்காட்டில் ஏரிக்கரையோரம் நாங்கள் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தோம். அவர் டாக்சி ஓட்டுவார், கடை என் பொறுப்பு. மொத்தம் எட்டு சைக்கிள். அதில் நாலை சேலத்தில் சர்வீசுக்குக் கொடுத்திருந்தோம். கிறிஸ்துமஸ் லீவுக்குக் கூட்டம் வருவதற்குள் மேலே கொண்டுபோக வேண்டும். இத்தனை வருஷமும் லாரிக்காரர்களின் தயவில்தான் ஏற்றினோம். அவர்கள் அரிசி மூட்டைக்கு அடியில் போட்டு, மட்கார்டை நெளித்து, பெல்லைத் தொலைத்துத்தான் இறக்குவார்கள். நம் காரிலேயே ஒரு கேரியர் மாட்டிவிட்டால் யார் காலையும் பிடிக்க வேண்டாம். சேர்வராயன் கோயில் வரைக்கும் ஆளையும் சைக்கிளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் விட்டால், அங்கிருந்து ஏரி வரைக்கும் மிதிக்காமலே இறங்கி வருவார்கள். அந்த யோசனை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பட்டறை அஸ்தம்பட்டி தாண்டி, மலை ரோட்டின் ஆரம்பத்திலேயே இருந்தது. சூசைமாணிக்கம் இரண்டு மாதிரி செய்து வைத்திருந்தார். ஒன்று கூரைக்கு. காரின் மழைத்தண்ணீர் வழிகிற விளிம்பைக் கொக்கி போட்டுக் கவ்விப் பிடிக்கும் இரும்புச் சட்டம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஹேண்டில்பாரையும் சீட்டையும் கட்ட வேண்டும். இன்னொன்று பம்பரில் போல்ட் போட்டு முடுக்குகிற ஸ்டாண்டு. பின்பக்கம் இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும், கைகளில் பழைய டியூபைச் சுற்றியிருந்தார். சைக்கிளின் நடுக்குழாயை அந்தக் கைகளின் மேல் வைத்துக் கட்டிவிட்டால் போதும். என் இடுப்பு உயரம்தான். நான் குள்ளம், காரின் கூரை என் தலைக்கு மேலே நிற்கும். இருபது கிலோ சைக்கிளைத் தூக்கிக் கவிழ்த்து அங்கே வைக்க என்னால் ஆகுமா?

"அண்ணன் சொல்றதும் நாயந்தாங்கக்கா" என்றார் சூசைமாணிக்கம். "மேல இருந்தா மரக்கொம்பு தட்டாம பாத்துக்கிட்டாப் போதும், வேற தொல்லை இல்ல. பின்னாடி மாட்டுனா கட்டுத்தான் முக்கியம். கட்டு சரியா இருந்தா நொம்ப சவுரியம்."

"கட்டறது நானுங்க. நீங்க மாட்டி உடுங்க" என்றேன்.

ஸ்டாண்டை முடுக்கிவிட்டு, புதுக் கேரியருக்குப் புதுக் கயிறு என்று நீல நைலான் கயிறு ஒரு சுருள் இனாமாகக் கொடுத்தார். வழுவழுவென்று கைக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. நாலு சைக்கிளையும் நானே தூக்கி வைத்தேன், நானே கட்டினேன். என் வீட்டுக்காரர் உதவிக்கு வந்தபோது, "நீங்க போயி டீ குடிங்க" என்று அனுப்பிவிட்டேன்.

எங்கள் மலையில் சுமை கட்டுகிறவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. அடிவாரத்தில் கட்டும்போது கயிற்றுக்கும் சுமைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற அளவு விட்டுத்தான் கட்டுவோம். தேங்காய் நார்க் கயிறு, கத்தாழைக் கயிறு எதுவானாலும் பாதி மலை ஏறிப் பனிக்குள் நுழைந்ததும் ஈரம் குடித்துத் தானாகவே இறுகிக்கொள்ளும். கீழேயே இறுக்கினால் மேலே போவதற்குள் சாக்கை அறுத்துவிடும். கட்டி முடித்ததும் விரலை விட்டுப் பார்ப்போம். அன்றைக்கும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் விரலை விட்டுப் பார்த்தேன், சரியாக நுழைந்தது.

"இன்னும் ஒரு இழு இழுங்கக்கா, லூசாத் தெரியுது" என்றார் சூசைமாணிக்கம்.

"மலைக்குச் சொமை கட்டறதுக்கு அடிவாரத்துக்காரரு எனக்குச் சொல்லித் தரீங்களாக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். "அதுவுஞ் சரிதான்" என்றார்.

மத்தியானம் கிளம்பினோம். முதல் பத்து வளைவு வரைக்கும் நல்ல வெயில். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடி முழுக்க சக்கரமும் கம்பியும்தான் தெரிந்தது. "பாத்தீங்களா, அசையல" என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் "ம்" என்றார். பிறகு பனி இறங்கியது. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டோம். பின்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. இரண்டாம் கியரில் வண்டி முக்கி முனகிக்கொண்டு ஏறியது. வளைவுக்கு வளைவு அவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். நான் கிறிஸ்துமஸ் கூட்டத்தைப் பற்றியும், இன்னும் நாலு லேடீஸ் சைக்கிள் வாங்குவது பற்றியும் பேசிக்கொண்டே வந்தேன். ஏரிக்கரை வரும்வரை நான் நிறுத்தவில்லை.

கடை முன்னால் இறங்கிப் பின்பக்கம் போனேன். மூன்று சைக்கிள் இருந்தது.

மறுபடி எண்ணினேன். தொட்டுத் தொட்டு எண்ணினேன். கடைசியில் இருந்த கறுப்பு சைக்கிளைக் காணவில்லை. அதைக் கட்டியிருந்த கயிறு மட்டும் நான் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே தொங்கியது. அதில் விரலை விட்டேன். கீழே எவ்வளவு நுழைந்ததோ அவ்வளவே நுழைந்தது. கயிற்றின்மேல் பனித்தண்ணீர் முத்து முத்தாக நின்றது, உதறினால் உருண்டு ஓடியது. ஒரு சொட்டுகூட உள்ளே போயிருக்கவில்லை. அட கடவுளே, நைலான் தண்ணீர் குடிக்குமா? இருபது வருஷமாகச் சுமை கட்டுகிறவளுக்கு அது ஏன் தோன்றவில்லை? ஒவ்வொரு குலுக்கலுக்கும் சைக்கிள் அந்த ஒரு விரல் இடத்துக்குள் நகர்ந்து நகர்ந்து, கையின் நுனிக்கு வந்து, கழன்று போயிருக்கிறது.

"ஏனுங்க" என்றேன்.

அவர் வந்து பார்த்தார். கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் மற்ற மூன்றையும் ஒற்றைக் கையால் இறக்கிக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஏறு" என்றார்.

சைக்கிள் போனால் போகிறது, அது இரும்பு. நான் பயந்தது வேறு காரணத்துக்கு. எங்கள் மலை ரோட்டில் ஒரு வளைவுக்கு நேர் கீழே அடுத்த வளைவு இருக்கும். நடுவில் குறுக்குத்தடம் ஓடும். பஸ்சுக்குக் காத்திராதவர்கள் அதில்தான் ஏறி இறங்குவார்கள். விறகுக்காரர்கள், எஸ்டேட் பெண்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிறவர்கள். மேல் ரோட்டிலிருந்து இருபது கிலோ இரும்பு விழுந்தால் அவர்கள் தலையில்தான் விழும். அண்ணாந்து பார்த்தாலும் பனியில் தெரியாது.

"ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?"

"நீ பேசிட்டு வந்த" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தினோம். நான் இறங்கி ஓரக்கல்லைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். பனிதான். "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினேன். பதில் வராத இடங்களில் நிம்மதிப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. சேர்வராயா, யார் மேலேயும் விழுந்திருக்கக் கூடாது, ஒரு ஆடு மாடு மேலேகூட விழுந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். என் கை இரண்டையும் வெட்டிப் போடலாம் போல இருந்தது. திட்டுங்களேன் என்று அவரைக் கெஞ்சினேன். "ரோட்டப் பாரு" என்றார்.

ஏழெட்டு வளைவு இறங்கியிருப்போம். எதிரே ஒரு லாரி ஓரமாக நின்றிருந்தது. டிரைவர் இறங்கிக் கையை ஆட்டினார்.

"சைக்கிளு உங்களுதுங்களா?"

என் வீட்டுக்காரர்தான் ஆமாம் என்றார்.

"கீழ தடத்துல கெடக்குதுங்க. பக்கத்துல ஒரு பொம்பளை உக்காந்திருக்குது. நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். பேசவும் மாட்டேங்குது, எந்திரிக்கவும் மாட்டேங்குது. கையில கொழந்தை இருக்குது."

நான் எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. உண்ணிச்செடி புடவையைக் கிழித்தது. முதலில் கண்ணில் பட்டது சைக்கிள்தான். முன்சக்கரம் எட்டுப் போட்டதுபோல் வளைந்து, ஹேண்டில்பார் மண்ணுக்குள் ஒரு சாண் புதைந்து நின்றது. அதற்கு ஓர் அடி தள்ளி அவள் உட்கார்ந்திருந்தாள். இருபது இருபத்தொரு வயசிருக்கும், மலைக்காரப் பெண். கொய்யாக் கூடை கவிழ்ந்து பழங்கள் சரிவில் உருண்டு கிடந்தன. இரண்டு கையாலும் குழந்தையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள், அதன் முகம் தெரியவில்லை.

"கண்ணு, அடி பட்டுச்சா? கொழந்தைக்கு ஏதாச்சும்..."

என்னைப் பார்த்தாள். பிறகு சைக்கிளைப் பார்த்தாள்.

"இது உங்களுதா?"

"எங்களுதுதாஞ் சாமி. நாந்தான் கட்டுனேன். என்ற தப்புத்தான்."

எழுந்தாள். குழந்தையை இடது கைக்கு மாற்றினாள். என் கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விட்டாள். காது அடைத்துப் போனது. எனக்கு வலிக்கவில்லை. உயிரோடு இருக்கிறாள், கை தூக்கி அடிக்கிறாள், இன்னும் அடிக்கட்டும் என்றுதான் இருந்தது. மேலே தடத்தில் நின்ற நல்லமுத்து ஓர் அடி இறங்கி வந்தார், பிறகு நின்றுவிட்டார்.

அடித்த கை அப்படியே நடுங்க ஆரம்பித்தது. பிறகு தோள், பிறகு முழங்கால். அவளுக்குப் பல் தந்தியடித்தது.

"புடிங்க" என்றாள். "கொழந்தையப் புடிங்க. என்ற கையி நிக்க மாட்டேங்குது. கீழ போட்டுருவேன்."

வாங்கிக்கொண்டேன். எட்டு மாசப் பெண் குழந்தை, நல்ல கனம். அழவே இல்லை. தலையைத் தடவினேன், முதுகைத் தடவினேன், கையையும் காலையும் நீட்டி மடக்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டு முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

வலது கன்னத்தில், காதோரத்திலிருந்து மூக்கு வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு. புதுச் செயின் கிரீஸ்.

இவ்வளவு கிட்டே. தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். முந்தானையை எடுத்துக் குழந்தையின் கன்னத்தைத் துடைக்கப் போனேன்.

"தொடைக்காதீங்க" என்றாள் அவள். பல் அடித்துக்கொண்டிருந்தாலும் குரல் தெளிவாக வந்தது. "இவளோட அப்பன் பின்னாடி வந்துட்டிருக்குது. அது பாக்கட்டும்."

முந்தானையைக் கையில் பிடித்தபடி இருந்தேன். குழந்தை அதன் நுனியைப் பிடிக்க எட்டியது. மேலே, பனிக்குள், யாரோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தடத்தில் இறங்கி வருகிற சத்தம் கேட்டது.