குப்பி வகுப்பு

புள்ளிவிபரவியலில் இரண்டாம் தடவையும் தவறிய விதுசன், படிப்பை விட்டுவிட்டு சொந்த ஊரான உருத்திரபுரத்துக்கே போய்விடுவதென்று முடிவெடுத்திருந்தான். வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த நாள் முதல் விரிவுரை, அறை என்றே இருந்தவன். பரீட்சைக்கு முன் மாணவர்கள் தாங்களே கூடி ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்கும் குப்பி வகுப்புக்கு ஒருநாளும் போனதில்லை. அது வெறும் அரட்டை என்பது அவன் எண்ணம்.

அன்று பின்னேரம், கூடப் படிக்கும் கிருசாந்தியிடம் இரவல் வாங்கிய கல்குலேட்டரைத் திருப்பிக் கொடுக்கத்தான் அந்த வகுப்புக்குப் போனான். மரத்தடியில் ஐந்தாறு பேர் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்கட பட்ச்சில இப்பிடி ஒராள் இருக்கிறாரோ?" என்றான் அவர்களில் ஒருவனான நவ்பர்.

"சும்மா இரடா. இருங்கோ விதுசன், ரோல்ஸ் எடுங்கோ," என்றாள் கிருசாந்தி.

"இல்லை, நாளைக்கு வீட்ட போறன். இனி வரமாட்டன். ரெண்டாந்தரமும் பெயில்."

சொல்லி முடிக்கவே களைப்பாயிருந்தது.

நவ்பர் சிரித்தான். "இதுக்கோ இந்த எடுப்பு? நானும் ரெண்டுதரம். கிருசாந்தி ஒருக்கா. குப்பியே பெயில் விட்ட ஆக்களுக்குத்தானே மச்சான் நடக்குது!"

விதுசனுக்குக் கோபம் வந்தது; யார்மேல் என்று தெரியவில்லை. தான் ஒருவன்தான் தவறியவன் என்றெண்ணி, எவர் முகத்தையும் பாராமல் இவ்வளவு நாளும் நடந்திருக்கிறான். அப்படியே தரையில் இருந்துவிட்டான்.

"எந்த இடம் விளங்கேல்லை?" கிருசாந்தி கேட்டாள்.

"தொடக்கத்தில இருந்தே."

"அப்ப தொடக்கத்தில இருந்தே பாப்பம்."

"ஐயோ, திரும்பவுமோ!" என்று அலுத்துக்கொண்டே நவ்பர் நகர்ந்து இடம் விட்டான்.