இடது கைக்கு வெள்ளைக் களிம்பு

அக்காவின் கை ஆறுகிறதா இல்லையா என்று கேட்டுக் கேட்டு என் போனே சூடாகிவிட்டது. நான் தோல் டாக்டர். அக்கா பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர் நடத்துகிறாள். நாள் முழுக்க ஷாம்பூவிலும் தண்ணீரிலும் ஊறி, விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. கத்தரி பிடிக்க முடியவில்லை. இந்த மாதமும் ஆறாவிட்டால் கடையை மூடிவிடப் போவதாகச் சொன்னாள்.

நான் கொடுத்த வெள்ளைக் களிம்புக்கு நல்ல ஆராய்ச்சிகள் இருந்தன. அவளோ வாடிக்கையாளர் ஒருத்தி கொடுத்த பச்சைக் களிம்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வைத்திருந்தாள். ஆராய்ச்சியைக் காட்டினால், "இதுல முடி வெட்டறவ யாராவது இருந்தாளா?" என்கிறாள். எனக்கு வந்ததே கோபம். சரி, உன் கையிலேயே பார்த்துவிடலாம், இடது கைக்கு என்னுடையது, வலது கைக்கு உன்னுடையது என்று சவால் விட்டேன்.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதிரே நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே மனம் அவள் கைக்கு ஓடிவிடும். பொறுக்க முடியாமல் ஒருநாள் கடைக்கே போய் நின்றேன். கையை விரித்துக் காட்டினாள். இரண்டும் ஒன்றுபோல் ஆறியிருந்தன. சந்தோஷப்படுவதை விட்டு எனக்கு வயிறு எரிந்தது. பச்சை ஒன்றும் சளைத்ததில்லை பார் என்று அவள் முகமெல்லாம் சிரிப்பு. இனி அது ஒன்றே போதுமாம்.

எப்படித் தடவினாய், காட்டு என்றேன். வெள்ளையை வலது கை விரல்களில் எடுத்து இடது கையில் தேய்த்தாள். பச்சையை இடது கை விரல்களில் எடுத்து வலது கையில் தேய்த்தாள். அட கடவுளே! அவளும் யோசிக்கவில்லை, இத்தனை படித்த நானும் யோசிக்கவில்லை. இரண்டு கையும் இரண்டு மருந்தையும் தின்றிருந்தன.

மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம், இந்தத் தடவை கையுறை போட்டுத் தடவு என்று ஆரம்பித்தேன்.

"உனக்குப் பதில் வேணும்டி. எனக்குக் கை வேணும்," என்றாள் அக்கா. "இப்போ சொல்லு, எதை விடாம போடட்டும்?"

சுருக்கென்றது. வெள்ளையால்தான் ஆறியது என்று அடித்துச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை.

"ஆராய்ச்சில வெள்ளைதான். ஆனா உன் கையை ஆத்தினது எதுன்னு எனக்குத் தெரியலக்கா."

அவள் என்னையே பார்த்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளிடம் நான் தெரியாது என்று சொன்னதே இல்லை.

"அப்போ வெள்ளையே போடறேன்," என்றாள். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு, காத்திருந்த பெண்ணைக் கூப்பிட்டாள்.