பக்ஸோக்காரரின் சின்ன நோட்டு

அந்தப் பக்ஸோக்காரன் உளவாளி என்று நான் முடிவு கட்டியது, அவன் விற்ற பக்ஸோவை, அந்த மாட்டிறைச்சி உருண்டையைக் கடித்த நொடியில். உருண்டையா அது? கை தவறிக் கீழே விழுந்ததும் ஸமராங் நகரமே ஒருமுறை குலுங்கியது. எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்: தெருவுக்குள் புதிதாகத் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வருகிறவனுக்குச் சமைக்கத் தெரியவில்லையென்றால் அவன் போலீஸ்.

நான் முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன். டிக்கெட் இல்லாதவனை மூன்று பெட்டி தள்ளி நின்றே மோப்பம் பிடிப்பேன். இந்த ஆளின் காலணி பளபளத்தது. சட்டைப் பையில் சின்ன நோட்டு வேறு. வார நாளில் எங்கள் சந்தில் நிற்பான். ஞாயிறு காலை, பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்தி ஊரையே நடக்க விடும்போது, எங்கள் மேஜைக்கு எதிரே நிற்பான். நாங்கள் யாரிடமாவது கையெழுத்து வாங்கினால் உடனே எதையோ குறித்துக்கொள்வான்.

அந்த மேஜை என்னுடையதும், கல்யாணம் இல்லாமலே என்னோடு வாழும் மூர்த்தினாவுடையதும். கல்யாணம் ஆகாத இருவர் ஒரே வீட்டில் வாழ்ந்தால் ஆறு மாதம் சிறை என்று இந்தோனேசியாவில் புதிய சட்டம் வரப்போகிறது. பெற்றவரோ பிள்ளையோ புகார் கொடுத்தால் போதும். 'வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?' என்று மனு எழுதி வைத்து, அப்படி வாழும் ஜோடிகளிடம் பெயரும் முகவரியும் வாங்கிக்கொண்டிருந்தோம்.

எனக்கும் அவளுக்கும் பெற்றவர்கள் மண்ணுக்குள். எனக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு யுவோனோ என்று ஒரே மகன், அரசாங்க உத்தியோகம், முகத்தில் சிரிப்பு வருடத்துக்கு ஒன்று. அவன் ஒரு புகார் கொடுத்தால் எழுபது வயதில் ஆளுக்கொரு சிறை. அவனைப் பொறுத்தவரை நான் பின்கட்டு வாடகைக்காரன். யார் வந்து தங்கினாலும் கணக்குக் கேட்கும் தெருத் தலைவரிடமோ, 'விருந்தாளி, ஓர் இரவு' என்று எழுதிக் கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. கல்யாணம்தான் செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். "ஒரு புருஷனே எனக்கு ஏழு ஜென்மத்துக்குக் காணும்" என்பாள் மூர்த்தினா.

நான்காம் ஞாயிறு பொறுமை போய்விட்டது. நேரே வண்டிக்குப் போய், தம்பி முறையில், "மாஸ், உங்க ஸ்டேஷன் எது?" என்றேன்.

அவனுக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் ஐயா என்கிற 'பாக்' மட்டும் மறக்கவில்லை. "அதை நான்ல உங்களைக் கேக்கணும், பாக்?"

"என்னையா?"

"பின்ன? கல்யாணம் ஆகாம சேந்து வாழறவங்க பேரு, வீட்டு நம்பர் எல்லாம் வரிசையா எழுதி வாங்குறீங்க. போலீஸுக்கு இதைவிடச் சுளுவா யாரு வேலை செஞ்சு குடுப்பாங்க?"

மூர்த்தினா மேஜையிலிருந்தே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அப்ப அந்த நோட்டு?" என்றேன், விடாமல்.

பிரித்துக் காட்டினான். 'சிவப்புத் தொப்பி, திரும்பி வந்தான். பச்சைக் குடை, திரும்பி வந்தாள்.'

"போன வாரம் கையெழுத்துப் போட்டவங்க இந்த வாரம் வெளியில இருக்காங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன் பாக். இதுவரைக்கும் யாரையும் பிடிச்சுட்டுப் போகல. ஆனாலும் நம்பிக்கை வரல."

அவன் பெயர் பாயிமின். ஒன்பது வருடமாக யுஸ்தினாவோடு வாழ்கிறான். அவன் மசூதி, அவள் மாதா கோயில். இருவரில் ஒருவர் மதம் மாறாமல் எந்த அலுவலகமும் கல்யாணத்தைப் பதிவு செய்யாது. மாற இருவருக்கும் மனமில்லை. பக்ஸோ யுஸ்தினாவின் அப்பா தொழிலாம். அவர் மகளோடு பேச்சை நிறுத்தியபோது செய்முறையையும் சேர்த்து நிறுத்திவிட்டார்.

"இந்தத் தாள்ல உங்க பேரு எங்க இருக்கு?" என்றான் பாயிமின், மேஜைக்கு வந்து கையெழுத்துத் தாளைப் புரட்டியபடி.

நூற்றுப் பன்னிரண்டு பெயர். என் பெயர் இல்லை.

"நான் அமைப்பாளர். அமைப்பாளர் போடக் கூடாதுன்னு விதி இருக்கு."

"யாரு போட்ட விதி?" என்றாள் மூர்த்தினா.

"நான்தான்."

"முதல் வாரமே போடறேன்னு சொன்னேன். பேனாவுல மை இல்லன்னாரு இந்த மனுஷன். ரெண்டாவது வாரம் கண்ணாடியைக் காணோம்னாரு. மூக்கு மேலதான் இருந்துச்சு."

"யுவோனோ பாத்தா?" என்றேன் மெல்ல.

"ஊரான் வீட்டு நம்பரெல்லாம் வாங்கறீங்க. அவங்களுக்கு யுவோனோ இல்லையா?"

மூர்த்தினா பேனாவைப் பிடுங்கித் தன் பெயரை எழுதினாள். வீட்டு எண், தெரு, எல்லாம் கொட்டை எழுத்தில். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள். எழுதினேன். பாயிமின் அப்போதும் நம்பாமல் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

மூர்த்தினா தாளைப் படம் எடுத்துக் கைபேசியில் ஏதோ தட்டினாள்.

"யாருக்கு?"

"என் மகனுக்கு. எவனோ சொல்லித் தெரியறதுக்கு நானே சொல்லிடறேன்."

ரயில்வே கால அட்டவணையில் இல்லாத நீளத்துக்குப் பத்து நிமிடம் போயிற்று. பதில் வந்தது: 'இன்று மத்தியானம் வீட்டுக்கு வருகிறேன். அவரும் இருக்கட்டும்.'

மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு படித்தோம்.

"சாப்பிட வர்ற மாதிரிதான் இருக்கு" என்றாள் மூர்த்தினா.

"'இருக்கட்டும்'னு எதுக்குச் சொல்றான்? ஆளு தப்பிச்சுடக் கூடாதுன்னா?" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் படுது, பாக்" என்றான் பாயிமின் ஆறுதலாக. ஆனால் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினான். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டான்.

"யுஸ்தினா பேரையும் போட்டுடு மாஸ்" என்றேன்.

"அதை அவதான் போடணும். கூட்டிட்டு வரேன்." வண்டியை எங்களிடமே விட்டுவிட்டு ஓடினான்.

மூர்த்தினா மீன் வாங்கக் கிளம்பினாள். எத்தனை மீன் என்று விரல் மடக்கியவளிடம், நாலைந்து கூடவே வாங்கச் சொன்னேன். யுவோனோ தனியாக வந்தால் சரி. போலீஸோடு வந்தால், பாவம், அவர்களுக்கும் மத்தியானப் பசி இருக்கும்.