பழசுக்கு வைத்த மஞ்சள்

அன்றைக்கு வந்திருந்தவர்கள்: குடியிருப்புச் சங்கத் தலைவர் மகேஸ்வரன், தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்த ராஜம்மா, சபாபதி, அவர் மகள் ஷர்மினி, நான்காம் வீட்டு பிரேமலா, பிரேமலாவின் தம்பி திருச்செல்வம், திருச்செல்வத்தின் மகள் லோஷினி, வயது பதின்மூன்று, காது இங்கே, கண் கைப்பேசியில். இன்னும் பத்துப் பதினைந்து பேர் பின்னால் நின்றார்கள், கை தூக்குவதற்கு.

மலேசியாவின் கோத்தா திங்கியில் அவர்களுடைய வரிசை வீடுகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட பூப்பந்துத் திடல் ஒன்று உண்டு. கூட்டம் அங்கேதான் நடந்தது. தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருந்தது.

"போன வெள்ளத்த மறந்துட்டீங்களா?" என்றார் மகேஸ்வரன்.

யாரும் மறக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்கு வீடு நனைந்த துணிமலை. குப்பை லோரி அதைத் தொடவில்லை. மூன்று வாரம் வாசலிலேயே கிடந்து நாறியது. பின்பக்கக் கால்வாயை அடைத்துக்கொண்டிருந்தவை முந்தின தீபாவளிக்குச் சாப்பிட்டு எறிந்த வெள்ளை நுரைப் பெட்டிகள். நீர் வீட்டுக்குள் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே இந்த வருடம் யாரும் புதுத்துணி எடுப்பதில்லை. வீட்டுக்கு இரண்டு நல்ல பழைய உடுப்பு கொண்டுவந்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது. தீபாவளி விருந்துக்கு அவரவர் தட்டு, அவரவர் குவளை. சரி என்பவர்கள் கை தூக்கலாம்.

எல்லாக் கையும் உயர்ந்தது. பிரேமலா தன் கையோடு தம்பியின் மணிக்கட்டையும் பிடித்துத் தூக்கினாள். "எழுதிக்குங்க, என் தம்பிதான் மொத ஆளு!"

அவள் தூக்காவிட்டாலும் அவன் தூக்கியிருப்பான். திருச்செல்வத்துக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடையில் வேலை. பழக்குலை ஏற்றி வரும் லோரிக்காரர்களுக்கு அவனைக் கண்டால் ஆகாது. பத்துக் கிலோ கூட்டி எழுதச் சொன்னால் ஒன்பதுகூடக் கூட்ட மாட்டான். வாயால் சொன்னதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். மனைவி இறந்து நாலு வருடத்தில், லோஷினியின் தலைமுடி முதல் அவனுடைய பிரஷர் மாத்திரை வரை எல்லாம் அக்காவின் அதிகாரம். உலகத்தில் அவன் சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்வது அக்கா சொல்வதை மட்டும்தான்.

துணி மாற்றிக்கொண்ட நாளில் அவனுக்குச் சபாபதியின் கோடுபோட்ட சட்டை வந்தது. லோஷினிக்கு ஷர்மினியின் பச்சை பஞ்சாபி சூட். அக்குளில் லேசாக வெளிறியிருந்தது. லோஷினி அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை படக்கருவியோடு நாலு பேர் வந்தார்கள். நகராண்மைக் கழகம் நடத்தும் பசுமைக் குடியிருப்புப் போட்டியாம். எல்லாரும் மாற்றிய துணியில், கையில் தட்டோடு நின்றார்கள். ராஜம்மா பல் தெரியச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பது அபூர்வம்.

வீட்டுக்கு வந்ததும் லோஷினி சொன்னாள். "அப்பா, எல்லாரும் புதுசு வாங்கி வச்சிருக்காங்க. அத்தை அலமாரியில நானே பாத்தேன்."

"எப்பவோ வாங்கினதா இருக்கும்."

"விலைச் சீட்டோட தொங்குதுப்பா."

"அத்தன பேரும் கை தூக்கிச் சொல்லியிருக்காங்க. உங்க அத்தையப் போயி சந்தேகப்படுறியா நீ?"

"அசிங்கப்படப் போறது நான்தான்."

"ஒருத்தரும் அசிங்கப்பட மாட்டாங்க. அப்பா சொல்றேன்ல?"

அவள் சூட்டை மாற்ற உள்ளே போனாள். அப்பா சொன்னால் சரி என்று இருந்துவிடுகிற கடைசி வயது அது.

தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் படையல் வைத்தான். மனைவியின் படத்துக்கு முன்னால் புதுத்துணி இருக்க வேண்டிய தாம்பாளத்தில் கோடுபோட்ட சட்டையையும் பச்சை சூட்டையும் மடித்து வைத்து, ஓரத்தில் மஞ்சள் தொட்டான்.

"பழசுக்கு மஞ்சள் வைக்கிறீங்க," என்றாள் லோஷினி.

"நமக்கு இது புதுசுதான்."

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கூடையில் இரண்டு தட்டு, இரண்டு குவளை எடுத்துக்கொண்டு இருவரும் திடலுக்குப் போனார்கள்.

திடல் முழுக்கப் பட்டு. சரிகையில் கண் கூசியது. மகேஸ்வரன் மொடமொடப்புக் குறையாத ஜிப்பாவில் நின்றார். ராஜம்மாவின் சேலையில் மடிப்புகூடக் கலையவில்லை. நீள மேசையில் வெள்ளைப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. கூடையோடு வந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஷர்மினி கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள். "ஏய், அது என் சூட்டு! அய்யோ அலமாக், நெசமாவே போட்டுட்டு வந்திருக்கா பாரு! நான் அதைப் போட்டுக்கிட்டுதான் டெங்கி வந்து படுத்தேன். துவைச்சியாடி?"

ஐந்தாறு பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களில் சிலரும் சிரித்தார்கள். அவர்களுக்குத் திரும்பிக்கொள்ளும் அளவுக்காவது நாகரிகம் இருந்தது. லோஷினி அப்பாவைப் பார்க்கவில்லை. நேராக வீட்டைப் பார்த்து நடந்தாள். ஓடவில்லை.

திருச்செல்வம் மகேஸ்வரனிடம் போனான். "என்னண்ணே இது?"

"திரு, போட்டோ ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிருச்சு லா. தீபாவளியும் அதுவுமா பழசு கட்டுவாங்களா?"

"கை தூக்குனோமே."

"போட்டிக்குத் தூக்குனோம். எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாது."

மகேஸ்வரன் ஜிப்பா பொத்தானைத் திருகினார். பக்கத்தில் கேசரி தின்றுகொண்டிருந்த ராஜம்மாவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "உன்னைய விட்டுட்டுத் தனியா ஒரு வாட்ஸ்அப் குரூப்பு இருக்கு. உங்க அக்காதான் ஆரம்பிச்சா. ஏன், அவ சொல்லலையா?"

அவன் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வீட்டில் லோஷினியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. தட்டினான். மறுபடி தட்டக் கையைத் தூக்கும்போதே பிரேமலா உள்ளே வந்தாள். வெங்காயத்தோல் நிறத்தில் புதுச்சேலை, கையில் ஒரு காகிதப் பை.

"டேய் தம்பி, நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத."

"குரூப்ப நீயா ஆரம்பிச்ச?"

"ஆமா."

"ஏங்க்கா?"

"போட்டோ எடுக்க வந்தவங்க முன்னாடியே, இதெல்லாம் நாடகம்னு எந்திரிச்சுச் சொல்லிருவ நீ. ஜெயிச்சா அந்தக் கால்வாய ஆழமா வெட்டித் தர்றாங்களாம். மறுபடி தண்ணி ஏறுனா யாரு வீட்டுக்குள்ள வரும்? உன் வீட்டுக்கும்தான். நல்லதுக்குத்தான் செஞ்சோம்."

"அதுக்கு மேசையில அந்தப் பெட்டியா?"

"ஒரு நாளைக்கு லா."

"புள்ளையப் பாத்துச் சிரிப்பாங்கன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். அதுக்குத்தான் இது." பையிலிருந்து மெரூன் நிறத்தில் ஒரு லெஹங்காவை எடுத்துப் பிரித்தாள். "வாங்கி மூணு வாரமாச்சு. காலையிலயே குடுக்கலாம்னு பாத்தேன். நீ விடுவியா?"

மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அவள் தினமும் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவனோடு தேநீர் குடித்திருக்கிறாள். பச்சை சூட்டின் கையை லோஷினிக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

அறைக்கதவு திறந்தது. லோஷினியின் கண் சிவந்திருந்தாலும் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நான் சொன்னேன்பா."

"ஆமா."

"அவங்க எல்லாரையும் நம்புனீங்க. என்னைய மட்டும் நம்பல."

அவள் அத்தையிடமிருந்து லெஹங்காவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் உடுத்திக்கொண்டு வந்தாள். இடுப்பும் உயரமும் அளந்து தைத்ததுபோல் இருந்தன. போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை.

"கூட்டிட்டுப் போ," என்றான் அக்காவிடம்.

"நீயும் வாடா. மேல அந்தச் சட்டைய மட்டும் மாத்து."

"சாவியக் குடுத்துட்டுப் போ."

"எந்தச் சாவி?"

"இந்த வீட்டுச் சாவி. நாலு வருஷமா உன்கிட்ட இருக்குல்ல, அது."

பிரேமலா சிரிக்கப் பார்த்தாள். அவன் கையை நீட்டியபடியே நின்றான். கைப்பையில் வெகுநேரம் துழாவி, வளையத்திலிருந்து நகத்தால் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். "பைத்தியமாடா உனக்கு," என்றாள், மெதுவாக.

அவர்கள் வெளியே இறங்கினார்கள். லோஷினி முன்னால், பிரேமலா பின்னால். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. தீபாவளியன்று அந்த வரிசையில் இருட்டும்வரை யாரும் வாசலைச் சாத்துவது கிடையாது. மலாய்க்காரர், சீனர், யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவன் விடியற்காலையிலேயே எழுந்து பிரட்டிய கோழி அடுப்பில் மூடியிருந்தது.

திருச்செல்வம் இரும்புக் கிரில் கதவை இழுத்துப் பூட்டினான். பிறகு மரக்கதவையும் சாத்தி, சாவியை இரண்டு சுற்று சுற்றினான்.