இரண்டாகப் பிரிந்த பால்

"புள்ளைய நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, எனக்குப் பாடம் எடுக்கக் கூடாது. நானும் ரெண்டு பெத்தவதான்," என்றாள் அண்ணி, என் கணவரின் அக்கா.

"சரி அண்ணி," என்று அன்று வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன். வேலைக்குத் திரும்ப எனக்கு வேறு வழியில்லை.

இன்று மதியம் அவள் போனை எடுக்காதபோது அந்தப் பேச்சுதான் காதில் ஒலித்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. கவனம் சிதறி ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்துவிட்டேன். அது சட்டத்துக்குள் லொடலொடவென ஆடியது. மார்பு கனத்துச் சட்டை நனைந்தது. என் மகன் பசியில் அழுகிறான் என்று உடம்பே சொன்னது. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, இங்கே இருந்தால் இன்னும் நாலு பேர் கண்ணைக் கெடுப்பாய், வீட்டுக்குப் போ என்றார்.

வழியெல்லாம் வேண்டாத நினைப்பு. நான் பீய்ச்சி வைத்த தாய்ப்பாலைக் கொதிக்க வைத்திருப்பாளோ? புரையேறியிருக்குமோ?

கதவு பூட்டியிருந்தது. என் சாவியால் திறந்தேன். தொட்டில் காலி. அண்ணியின் போன் கட்டிலில் கிடந்தது. சமையலறையில், காலையில் நான் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்த பால் புட்டிகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. குடிக்கவில்லை, கொட்டியிருக்கிறாள். ஏன்?

படியில் செருப்புச் சத்தம். மூச்சிரைக்க அண்ணி ஏறி வந்தாள். தோளில் குழந்தை, கை துவண்டு தொங்கியது. பிடுங்காத குறையாக வாங்கி அவன் மூக்கருகே கன்னத்தை வைத்தேன். வெதுவெதுப்பான மூச்சு பட்டது. மார்பில் சேர்த்ததும் கண் திறக்காமலே உறிஞ்சத் தொடங்கினான்.

"பால் திரிஞ்சு போச்சு," என்றாள். "மேல மஞ்சளா, கீழ தண்ணியா நின்னுது. எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஒரே அலறல். உன்கிட்டயே கொண்டாந்துடலாம்னு குறுக்குச் சந்து வழியா கடைக்குத் தூக்கிட்டு ஓடினேன். நீ கிளம்பிட்டியாம். திரும்பி வர்ற வழியில அழுது அழுது தூங்கிட்டான்."

"அது கெட்டுப்போகல அண்ணி. ஃப்ரிட்ஜுல வச்சா தாய்ப்பால் அப்படித்தான் பிரியும். லேசா சுழட்டினா சேந்துக்கும்."

அவள் முகம் வெளுத்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"பாடம் எடுக்கக் கூடாதுன்னீங்களே."

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து என் தொண்டையிலேயே நின்ற ஒரு கேள்வி இருந்தது. முட்டிவலியோடு நடமாடும் அண்ணியிடம் எப்படிக் கேட்பது என்று தினமும் விழுங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த முட்டியோடுதான் இன்று கடைவரை ஓடியிருக்கிறாள்.

"அண்ணி," என்றேன். "தினமும் மதியம் அவனைப் பால் குடிக்கக் கடைக்கு என்கிட்ட தூக்கிட்டு வர்றீங்களா?"